ஒன்பது மூட்டை பொடுதலை

பிப்ரவரி 6

தம்பிக்கு,

சௌக்கியம் விசாரித்துத் தொடங்கினால் நீ சந்தேகப்படுவாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆறு வருடத்துக்கு முன்பு எங்கள் ஆஸ்பத்திரி முன்னால் நீ விரித்துக் கொடுத்த புல்தரையை நேற்றுக் கொத்திவிட்டோம். யாராவது போன் செய்து, "உங்க அக்காவே உங்க புல்லைப் பிடுங்கிட்டாங்களாமே" என்று உன் வாயைக் கிண்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. நீதான் என் எண்ணைப் போனில் தடுத்து வைத்திருக்கிறாயே. தபால்காரர்தான் கதி.

நவம்பரில் நிர்வாக அதிகாரியின் அறையில் நான் சொன்னது உண்மைதான். "இந்தப் புல்லு பார்க்கத்தான் லாயக்கு, என் ஆட்களுக்கு உதவாது" என்றேன். இப்போதும் அதையே சொல்வேன். ஆனால் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க நீ பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். உன்னை வெளியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அது மட்டும் என் தப்பு. நீ சாப்பிடாமல் கிளம்பிப் போனது இன்னும் உறுத்துகிறது.

என் ஆட்கள் யார் என்று உனக்குத் தெரியும். கால் உடைந்தவர்கள், கால் போனவர்கள், பக்கவாதம் வந்தவர்கள். இருபத்திரண்டு வருடமாக நான் செய்யும் வேலை இவர்களுக்கு மறுபடி நடக்கக் கற்றுக்கொடுப்பது. வராந்தாவின் வழவழப்பான டைல்ஸில் நன்றாக நடப்பார்கள். வீட்டுக்குப் போய் வாசலில் இறங்கியதும் விழுவார்கள். மேடும் பள்ளமுமான மெத்தென்ற தரை எனக்கு வேண்டும். அது வார்டு வாசலிலேயே இருந்தது. அதில் உன் பண்ணையின் பெயரோடு ஒரு பலகையும் இருந்தது: "புல்லை மிதிக்காதீர்கள்."

இப்போது தோட்டத்துக்கு வாரம் இரண்டு நாள்தான் தண்ணீர் என்று சொல்லிவிட்டார்கள். புல் பழுக்க ஆரம்பித்தது. உடனே நிர்வாக அதிகாரி, சிமெண்ட் போட்டு வண்டி நிறுத்துமிடம் ஆக்கலாம் என்றார். நான் மேஜையைத் தட்டிவிட்டேன். கடைசியில் மே 12 வரை அவகாசம் வாங்கியிருக்கிறேன். அன்று நிர்வாகக் குழு வந்து பார்க்கும். வாரம் இரண்டு நாள் தண்ணீரில் தரை பச்சையாக, நடக்கும்படி இருக்க வேண்டும். இல்லையென்றால் மறுநாள் சிமெண்ட் லாரி வரும்.

நான் நடப்போவது பொடுதலை. நீ குதிப்பாய் என்று தெரியும். குதி.

அக்கா


பிப்ரவரி 14

அக்காவுக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தில் பாதி புரியவில்லை.

நான் ஏன் பதில் எழுதுகிறேன் தெரியுமா? போனில் பேசினால் நீ மட்டும்தான் பேசுவாய். கடிதத்தில்தான் எனக்கும் முறை வருகிறது.

புல்லைக் கொத்தினாய், போகட்டும். உன் ஆஸ்பத்திரி, உன் மண்வெட்டி. ஆனால் பொடுதலையா? சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், இப்போதுதான் என் குடும்பத்திலேயே பார்க்கிறேன். என் பண்ணையில் எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். அதில் நான்கு பேருக்குக் காலையிலிருந்து மதியம் வரை அந்தச் சனியனைப் பிடுங்குவதுதான் வேலை. நான் விற்கும் புல் பாயில் அதன் இலை ஒன்று தெரிந்தால் போதும், வாங்குகிறவர் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

இருபது வருடமாக அதைக் கொல்லப் பார்க்கிறேன். என்ன நடந்தது என்று கேட்டுக்கொள். வெட்டினால் ஒன்று இரண்டாகிறது. தண்டில் கணுவுக்குக் கணு வேர் விடுகிறது. மிதித்தால் இன்னும் தரையோடு படுத்துக்கொண்டு பரவுகிறது. ஒரு தடவை டிராக்டரையே ஏற்றினேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் டயர் தடத்தில் பூத்துக் கிடக்கிறது, அதன் சட்டைப் பொத்தான் சைஸ் பூவோடு. போன கோடையில் மோட்டார் எரிந்துபோய்ப் பதினெட்டு நாள் தண்ணீர் இல்லை. என் புல் ஒரு ஏக்கர் கருகிப்போனது. அதற்கு நடுவில் இது மட்டும் பச்சையாக நின்றது. தோண்டிப் பார்த்தேன், வேர் முழங்கை ஆழம்.

அதைப் போய் நீ நடுகிறாய். பூத்தால் தேனீ வரும், தெரியுமா? ஊன்றுகோல்காரரைத் தேனீ கொட்டினால் ஓடுவாரா, நிற்பாரா? ஆழம் தெரியாமல் காலை விடுகிறாய். நடக்கச் சொல்லிக்கொடுக்கிறவள் நீ, உனக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பலகையை என்ன செய்தாய்?

தம்பி


பிப்ரவரி 25

தம்பிக்கு,

உன் கடிதத்தை என் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பொடுதலை வளர்ப்பது எப்படி என்று இதைவிடத் தெளிவாக யாரும் எழுதியதில்லை. வெட்டினால் இரண்டாகும் என்றாய், ஒவ்வொரு தண்டையும் மூன்று கணுவாக வெட்டினேன். மிதித்தால் பரவும் என்றாய், அதுதானே எனக்கு வேண்டியது. தேனீக்கும் வழி செய்தாயிற்று. நடைப் பாதையில் மட்டும் வாரம் ஒரு முறை பூவின் தலையை வெட்டிவிடுவோம், ஓரத்தில் தேனீயின் பங்கை விட்டுவிடுவோம். எப்படியும் என் ஆட்கள் ஷூ இல்லாமல் இறங்க மாட்டார்கள்.

சாண் இடைவெளியில் நட்டு வருகிறோம். உன் புல்லை அள்ளி வெளியே கொட்ட வண்டி கிடைக்கவில்லை. அதனால் நடுப்பகுதியில் அப்படியே கவிழ்த்துப் போட்டு மேலே மண் தூவிவிட்டோம். மக்கி உரமாகட்டும். ஆறு வருடம் தண்ணீர் குடித்ததற்குக் கைம்மாறு.

தோட்டக்காரர்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். நர்ஸுகள் அவருக்கு 'ஆறுமணி' என்று பேர் வைத்திருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்குக் கையில் குழாய் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. நீதானே பழக்கினாய்? "தம்பி சொல்லிட்டுப் போயிருக்காரு. ஒரு நாள் தப்பினாலும் புல்லு மன்னிக்காதுன்னு" என்கிறார். இனி வாரம் இரண்டு நாள்தான் என்று நான் சொன்னதும் தலையை ஆட்டினார். ஆட்டியது சம்மதத்துக்கா, வருத்தத்துக்கா என்று தெரியவில்லை.

இங்கே ஒரு பஸ் டிரைவர் இருக்கிறார். இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது, செயற்கைக் கால் போட்டு ஐந்து வாரம் ஆகிறது. நாக்கு மட்டும் மூன்று பேருக்கு உரியது. நாங்கள் நடுவதைத் தினமும் சக்கர நாற்காலியிலிருந்து மேற்பார்வை பார்க்கிறார். "மேடம், டிஸ்சார்ஜ் அன்னிக்கு இது வழியாத்தான் கேட்டுக்குப் போவேன். கம்பு இல்லாம. எழுதி வச்சுக்கோங்க" என்றார். வார்டு வாசலிலிருந்து கேட் வரை அறுபத்திரண்டு எட்டு. எண்ணி வைத்திருக்கிறார்.

பலகை என் பீரோவுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

செவ்வாய்க்கிழமை கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

நாலு நாளாகவே ஒரு சந்தேகம். பிடுங்கிய களையை யாராவது ஈரச் சாக்கால் மூடி நிழலில் வைப்பார்களா? பிறந்த குழந்தையைப் போல வைத்திருந்தார்கள். அன்று காலை பார்சல் வண்டியில் ஒரு மூட்டை ஏறுகிறது. விலாசத்தைப் பார்த்தால் உன் ஆஸ்பத்திரி. எழுத்தைப் பார்த்தால் என் வீட்டுக்காரி.

இவளைக் கேட்டேன். கொஞ்சமும் அசரவில்லை. "குப்பையைத்தானே அனுப்புறேன்? உங்க புல்லுல ஒரு இதழ் கிள்ளினேனா?" என்றாள். ஐந்து மூட்டை போயாயிற்றாம். களை எடுக்கும் பெண்களைக் கூப்பிட்டு, வேர் அறுபடாமல் எடுக்கச் சொன்னது யார் என்று கத்தினேன். அதில் மூத்தவள், "இருபது வருஷமா நீங்கதானே சொல்றீங்க முதலாளி, வேரோட எடு, வேரோட எடுன்னு" என்றாள். மற்ற மூன்று பேரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ இவளிடம் போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறாய். நான்தான் வீட்டில் ஊமைப் படம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வேலியே பயிரை மேய்ந்தால் காவல்காரன் யாரிடம் போய்ச் சொல்வது?

மூட்டையை நிறுத்தச் சொல்லவில்லை. சொன்னாலும் நிற்காது என்று தெரிந்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன். சாக்கின் வாயை இறுக்கிக் கட்டாதே என்று இவளிடம் சொல், உள்ளே வெந்துவிடும். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

தம்பி


ஏப்ரல் 10

தம்பிக்கு,

உன் வாயால் சாபம் வாங்கிய செடி எப்படி வாழ்கிறது என்று வந்து பார். நட்டு ஆறு வாரம்தான் ஆகிறது. ஓரமெல்லாம் பின்னிக்கொண்டு படர்ந்துவிட்டது. எட்டு மூட்டையும் உயிர் பிடித்திருக்கிறது. மாடியிலிருந்து பார்த்தால் நடுப்பகுதி பச்சைப் போர்வை. நிர்வாக அதிகாரி ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அதுவே பாராட்டுப் பத்திரம்.

டிரைவர் ஒரு கம்போடு ஓரத்தில் இருபது எட்டு நடந்துவிட்டார். நடுவில் மட்டும் தரை பஞ்சு மாதிரி இருக்கிறது, கால் உள்ளே போகிறது என்கிறார். பழகிவிடும் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு சமாச்சாரம் சொல்கிறேன், உனக்குச் சந்தோஷமாக இருக்கும். நடுவில் பொடுதலையோடு உன் புல்லும் தலை நீட்டியிருக்கிறது. கவிழ்த்துப் போட்டும் சாகவில்லை, எங்கே பார்த்தாலும் ஊசி ஊசியாக நிற்கிறது. முதலில் பிடுங்கலாம் என்று குனிந்தேன். அப்புறம் மனசு வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டும் ஒரே மண்ணில் வளரட்டுமே, நீயும் நானும் வளர்ந்த மாதிரி.

எனக்கு வயசாகிறது போலிருக்கிறது. இப்படியெல்லாம் எழுதுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 17

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. பொய் சொல்ல மாட்டேன், மூன்று நாள் சந்தோஷமாக இருந்தேன். கொத்தினாள், கவிழ்த்தாள், களையை வைத்து மூடினாள், என் சரக்கு மேலே வந்து நிற்கிறது பார் என்று இவளிடம் இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொன்னபோது, "அப்ப அக்காவோட தரை என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், ஆடித் தொலைக்கிறது.

நன்றாகக் கேட்டுக்கொள். என் புல்லுக்குப் பங்காளி ஆகாது. பக்கத்தில் எதையும் வாழ விடாது, அப்படித்தான் அதை நான் வளர்த்திருக்கிறேன். இன்னும் ஒரு மாதத்தில் நடுவில் இருக்கும் பொடுதலையை மூடி மூச்சை அடைத்துவிடும். தரை பஞ்சாக இருப்பதும் அதனால்தான். கவிழ்ந்த பாயின் மேல் புதுப் புல் மெத்தை கட்டுகிறது. செயற்கைக் கால் அதில் சிக்கினால் அந்த டிரைவர் விழுவார்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. வாரம் இரண்டு நாள் தண்ணீரில் இந்தப் புல் இப்படி வரவே வராது. யாரோ தினமும் தண்ணீர் விடுகிறார்கள். யார் என்று உனக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். நான் போட்ட சட்டத்தை அந்த மனிதர் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். குழு வந்து தண்ணீர்க் கணக்கைக் கேட்டுக் குழாயை அடைத்தால், ஒரே வாரத்தில் என் புல் பழுக்கும். அதற்குள் உன் செடியும் இருக்காது. வெறும் மண்தான் மிஞ்சும். சிமெண்ட் லாரிக்கு அதுதான் வேண்டும்.

கவிழ்த்துப் போட்டதாக நீ பிப்ரவரியிலேயே எழுதியிருந்தாய். அன்றே நான் பிடித்திருக்க வேண்டும். மூட்டைக் கோபம் கண்ணை மறைத்துவிட்டது.

செய்ய வேண்டியது இது. இன்றிலிருந்து பதினாலு நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாதே. புல்லின் வேர் இரண்டு விரல் ஆழம்தான், காய்ந்துவிடும். பொடுதலையின் வேர் கீழே போயிருக்கும், அது வாடும், சாகாது. பதினைந்தாம் நாள் காய்ந்த புல்லை இரும்பு வாருகோலால் வாரினால் பாயாகவே உரிந்து வரும். ஈரத்தில் பிடுங்காதே, உன் செடியும் சேர்ந்து வந்துவிடும்.

உள்ளே இருக்கும் சின்னத் தாள் ஆறுமணிக்கு. நீ சொன்னால் கேட்க மாட்டார். நான் எழுதினால் கேட்பார்.

தம்பி


ஏப்ரல் 21

தம்பிக்கு,

உன் கடிதத்தை இப்போதுதான் படித்தேன். கோபம் தணிவதற்குள் எழுதிவிடுகிறேன்.

குழு வர மூன்று வாரம் இருக்கிறது. கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் ஒரே இடம் அந்த நடுப்பகுதிதான். அதைக் காயப்போடச் சொல்கிறாய். காய்ந்து, அதையும் வாரி எடுத்த மொட்டைத் தரையை நான் குழுவுக்குக் காட்ட வேண்டும். நவம்பரில் உன் முகத்தில் நான் பூசிய கரியை மே மாதம் என் முகத்தில் பூசலாம் என்று நினைத்திருக்கிறாயா? நேராகச் சொல்லிவிடு. என்னிடம் கோபம் இருந்தால் என்னைத் திட்டு. என் ஆட்களின் தரையில் கையை வைக்காதே.

அக்கா


ஏப்ரல் 22

தம்பி,

நேற்று எழுதியது உனக்கு முதலில் வந்திருக்கும். அதைக் கிழித்துப் போடு. தபால் பெட்டியில் போட்ட கையோடு அறைக்கு வந்து உட்கார்ந்தேன், எதிரே சுவரில் உன் பழைய கடிதம். மோட்டார் எரிந்து பதினெட்டு நாள் தண்ணீர் இல்லாமல் போனது, புல் கருகியது, பொடுதலை நின்றது. கடுங்கோபத்தில் என்னைத் திட்டி எழுதியது அது. என்னை ஏமாற்றவோ காப்பாற்றவோ நினைத்து எழுதியதல்ல. அதை நம்புகிறேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மறைந்து நின்று பார்த்தேன். ஆறுமணி வந்தார், சுற்றும் முற்றும் பார்த்தார், குழாயைத் திறந்தார். திருட்டுத்தனமாகத் தண்ணீர் விடும் மனிதரை என் வாழ்க்கையில் இப்போதுதான் பார்க்கிறேன். கேட்டால், "தாகமா இருக்குமேன்னு" என்று தலையைக் குனிந்துகொண்டார். உன் தாளைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். குழாயை அடைத்து, அதன் சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார். "நீங்களே வச்சுக்கோங்க. என் கிட்ட இருந்தா கை சும்மா இருக்காது" என்றார்.

அவருக்கு என்ன எழுதினாய் என்று நான் படிக்கவில்லை. மடித்து மேல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுவிட்டார்.

இன்று முதல் நாள்.

அக்கா


மே 1

அக்காவுக்கு,

முந்திய கடிதத்தைக் கிழிக்கவில்லை. உன் மேல் கோபம் வரும்போது படிக்க வைத்திருக்கிறேன்.

இன்று பத்தாம் நாள். இப்போதுதான் நீ பயப்படுவாய். எல்லாமே செத்துவிட்ட மாதிரி தெரியும், பொடுதலையின் இலைகூடச் சாம்பல் பூத்துச் சுருண்டிருக்கும். இலையைப் பார்க்காதே. கணுவை நகத்தால் கீறிப் பார், உள்ளே பச்சை இருக்கும். யார் என்ன சொன்னாலும் குழாய்ச் சாவியைக் கொடுக்காதே, ஆறுமணி அழுதாலும் சரி.

வாரும்போது ஒரே திசையில் வாரு. வாரி முடித்ததும் காலி இடத்தில் மட்டும் லேசாகத் தண்ணீர் தெளி. அங்கே நடப் புதுத் தண்டு வேண்டியிருக்கும். அது வரும்.

தம்பி


மே 13

தம்பிக்கு,

நேற்று நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

பதினைந்தாம் நாள் வாரினோம். நீ சொன்ன மாதிரியே பாய் பாயாக உரிந்து வந்தது. கீழே பொடுதலை, தலைவிரி கோலமாக, ஆனால் உயிரோடு இருந்தது. ஆறுமணி மண்டியிட்டு ஒவ்வொரு கணுவாகக் கீறிக் கீறிப் பார்த்து, "இருக்கு மேடம், இருக்கு மேடம்" என்று சொல்லிக்கொண்டே போனார். அன்று மதியமே ஒன்பதாவது மூட்டை வந்தது. சாக்கின் வாயைத் தளர்த்தி இரட்டைச் சுருக்குப் போட்டுக் கட்டியிருந்தது. உன் வீட்டுக்காரிக்கு அந்த முடிச்சு வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதிகம் கேட்க மாட்டேன்.

குழு வந்தபோது ஓரமெல்லாம் அடர்த்தியாக இருந்தது. நடுவில் அங்கங்கே சொட்டை, அதில் ஐந்து நாள் வயசுச் செடிகள். குழுத் தலைவி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "இன்னும் முடியலை போலிருக்கே" என்றார் நிர்வாக அதிகாரி, தலைவியின் காதில் விழும்படி. முடியவில்லைதான், வாரம் இரண்டு நாள் தண்ணீரில் இன்னும் ஆறு வாரத்தில் மூடிவிடும் என்றேன். என் குரல் எனக்கே திடமாகக் கேட்டது.

பிறகு எல்லோரும் கேட் பக்கம் நகர்ந்தார்கள். வேடிக்கையைக் கேள். பலகையை எடுத்து மூன்று மாதம் ஆகிறது, ஆனாலும் ஆறு பேரும் வரிசையாகச் சிமெண்ட் விளிம்பில் ஏறிச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். ஆறு வருடப் பழக்கம். வார்டு வாசலில் டிரைவர் நின்றிருந்தார். அன்று அவருக்கு டிஸ்சார்ஜ், பைகூடக் கட்டியாயிற்று. "மேடம், ஏன் சுத்திப் போறீங்க? இது எங்க ரூட்டு, குறுக்கால வாங்க!" என்று கத்தினார். கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தார். இறங்கினார்.

நான் பக்கத்தில் போகவில்லை. போனால் பிடித்துவிடுவேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். முப்பதாவது எட்டில், நடுவில், முன்பு பஞ்சாக இருந்த அதே இடத்தில் ஒரு கணம் தடுமாறினார். தரை தாங்கியது. அறுபத்திரண்டு என்று கணக்குப் போட்டவர் எழுபதில் முடித்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு, "எட்டு எக்ஸ்ட்ரா, டிக்கெட் வேண்டாம்" என்றார். குழுத் தலைவி விளிம்பிலிருந்து தரையில் இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள். சிமெண்ட் கிடையாது, தம்பி. வண்டிகளுக்குப் பின்பக்கம் இடம் பார்க்கச் சொல்லிவிட்டார்.

எல்லாம் முடிந்து டிரைவரை ஆட்டோவில் ஏற்றும்போது அவர் என்னிடம் ஒன்று சொன்னார். "கேட்டுக்கு வெளிய ஒருத்தர் நின்னுட்டிருந்தாரு மேடம். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு. நான் நடக்கிறப்ப எல்லாரும் என் காலைத்தான் பார்க்கிறாங்க. அந்த ஆளு மட்டும் தரையையே பார்த்தாரு. நான் வந்து சேர்ந்ததும் கண்ணைத் தொடச்சுக்கிட்டுப் போயிட்டாரு."

நீ நவம்பரில் சாப்பிடாமல் போனாய். இந்தத் தடவை உள்ளே வராமலே போயிருக்கிறாய். ஏன்டா?

அக்கா


மே 18

அக்காவுக்கு,

ஆமாம், நான்தான். உள்ளே வந்தால் குழுவின் முன்னால் உன் நாள் என் நாளாகிவிடும் என்று தோன்றியது. நவம்பரில் எனக்கு அப்படி ஒரு நாள் நடந்திருக்கிறது, அதன் வலி தெரியும். கண்ணைத் துடைத்தது வெயிலால்.

இங்கே பண்ணையில் மூன்று வரிசை பொடுதலை நடச் சொன்னேன். மூத்தவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "நேத்து வரைக்கும் பிடுங்குன்னீங்க, இன்னிக்கு நடுன்னு சொல்றீங்க. நாளைக்கு என்ன சொல்லப் போறீங்கன்னு இப்பவே சொல்லிடுங்க முதலாளி" என்கிறாள். தண்ணீர் தட்டுப்பாடான இடங்களிலிருந்து இரண்டு பேர் கேட்டு வந்துவிட்டார்கள். அவர்களுக்கு என் புல்லை விற்க இனி எனக்கே மனசு வராது.

ஆறுமணிக்கு என்ன எழுதினேன் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். "அண்ணே, ஆறு வருடம் என் சொல்லைக் காப்பாற்றினீர்கள். இனி அக்கா சொல்லைக் காப்பாற்றுங்கள்." அவ்வளவுதான்.

கேட்டில் நின்று தரையைத்தான் பார்த்தேன், சரி. என்ன பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது. கேட்டை ஒட்டி வலது மூலையில், பலகை நின்ற இடத்தில், ஒரு கையளவு என் புல் பச்சையாக நிற்கிறது. சுற்றிலும் எல்லாவற்றையும் சுத்தமாக வாரியிருக்கிறாய், அதை மட்டும் வாருகோல் தொடவில்லை. பக்கத்தில் ஒரு டம்ளர்கூட இருந்தது. யாரோ அதற்கு மட்டும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இந்தத் தடவை அது ஆறுமணி இல்லை என்று எனக்குத் தெரியும்.

அக்கா, ஒரு மழை போதும், அந்தக் கையளவு மறுபடி தரை முழுக்க ஏறிவிடும். என் கையால் வளர்ந்ததுதான், ஆனால் அங்கே அதுதான் களை. ஆனாலும் அதை நீ தொடாதே. ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன், நானே வந்து பிடுங்குகிறேன். டிரைவர் போன அதே வழியில், கேட்டிலிருந்து குறுக்காக நடந்து வருவேன்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன். உன் எண்ணை நேற்று விடுவித்துவிட்டேன். ஆனால் ஞாயிறு வரை போன் செய்யாதே, எனக்கு இன்னும் கொஞ்சம் முறை இருக்கிறது.

தம்பி